ஆசு

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்ததும் எங்கள் கார் ஒரு மூச்சு இழுக்கும். பானெட்டுக்குள் சின்ன மோட்டார் ஒன்று இரண்டு மூன்று விநாடி முனகிவிட்டு அடங்கும். அப்போது சாவியைக்கூடப் போட்டிருக்க மாட்டோம். ஆள் வருகிறார் என்று கதவின் சுவிட்ச் சொன்னதுமே, கியர் மாற்றுவதற்கு வேண்டிய எண்ணெயை அழுத்தி வைத்துக்கொண்டு வண்டி தயாராகிவிடும். அந்தச் சத்தம் கேட்டால் அப்பா, "முழிச்சுக்கிருச்சு" என்பார்.

போன ஐப்பசியில் ஒருநாள் குமுளி மலையிறங்கி லோயர்கேம்ப் தாண்டி, கூடலூர் கடைத்தெரு நெரிசலில் நின்ற வண்டி, மறுபடி கிளம்பவில்லை. எஞ்சின் ஓடுகிறது. மோட்டார் முனகுகிறது. கியர் மட்டும் விழவில்லை. நியூட்ரலைக் குறிக்கும் எழுத்து டாஷ்போர்டில் விட்டுவிட்டு எரிந்தது. நாலு பேர் தள்ளி ஓரம் கட்டினோம். முக்கால் மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காதது போல வண்டி கிளம்பியது. சூடானால் நிற்கும், ஆறினால் ஓடும். பழுதுகளில் இந்த வகைதான் ஆளை அலைக்கழிப்பது. பட்டறைக்குக் கொண்டுபோய் நிறுத்தும்போது வண்டி ஆறியிருக்கும்; நோயே இல்லாத நோயாளியைப் போல நிற்கும்.

இந்த வண்டியை வாங்கியதே அப்பாவின் இடது முழங்காலுக்காக. அவர் ஜீப் ஓட்டியவர். கம்பத்திலும் கூடலூரிலும் தேவாரத்திலும் போடியிலும் விடியுமுன் தெருமுனைகளில் தூக்குவாளியோடு பெண்கள் நிற்பதை இந்தப் பக்கத்தார் எல்லோரும் பார்த்திருப்பார்கள். ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு அவர்களை ஏற்றிக்கொண்டு குமுளி வழியாகவோ கம்பம்மெட்டு வழியாகவோ போடிமெட்டு வழியாகவோ ஜீப்புகள் கேரளத்துக்குள் ஏறும். சாயங்காலம் அதே வழியில் இறங்கும். நிறைந்த ஜீப்பைக் கொண்டை ஊசி வளைவில் பின்னுக்கு உருளவிடாமல் நிறுத்துவது பிரேக் அல்ல, பாதி மிதித்த கிளட்ச். பழைய ஜீப்புகளில் ஒன்றாம் கியர் தானாக இணங்கி வராது. டபுள் கிளட்ச் மிதித்து, எஞ்சினின் குரலைக் கேட்டு, சரியான நொடியில் தள்ள வேண்டும். இருபத்தேழு வருஷம் அப்படித் தள்ளிய பிறகு, முழங்கால் எலும்பில் சவ்வு இல்லை என்றார்கள். இனிமேல் கிளட்ச் மிதிக்கக் கூடாது என்றார்கள். வண்டி ஓட்டக் கூடாது என்று அப்பாவிடம் சொல்ல எங்கள் யாருக்கும் மனம் வரவில்லை.

தானியங்கி கியர் கொண்ட கார் ஒரு காலத்தில் வசதிபடைத்தவர்களின் பொருளாக இருந்தது. 2014-இல் மாருதி செலிரியோ வந்தபோதுதான் ஏஎம்டி என்ற எளிய வகை சாதாரணக் குடும்பங்களுக்கு எட்டியது. பிறகு பல நிறுவனங்களும் அந்த வழியில் வந்தன. அப்படி ஒன்றைப் பழையதாக வாங்கினோம். ஏஎம்டியின் அழகு என்னவென்றால், உள்ளே இருப்பது அதே பழைய கியர்பெட்டி, அதே கிளட்ச் தட்டு. கியர் தண்டைப் பிடித்த இடது கையும் கிளட்சை மிதித்த இடது காலும் இருந்த இடத்தில் அழுத்திய எண்ணெய் வந்திருக்கிறது. மோட்டார் அந்த எண்ணெயை நாற்பது, ஐம்பது பார் அழுத்தத்துக்கு ஏற்றி ஒரு குடுவையில் சேமிக்கிறது. கார் டயரில் இருக்கும் காற்றின் அழுத்தம் இரண்டு பார் சொச்சம்தான் என்பதை நினைத்துக்கொண்டால் அந்தக் குடுவையின் பலம் புரியும். வால்வுகள் திறக்கும்போது எண்ணெய் பாய்ந்து கிளட்சைத் தள்ளும், கியரைத் தேர்ந்தெடுக்கும், கோக்கும். எந்த வால்வை எப்போது எவ்வளவு திறப்பது என்பதை முடிவு செய்வது ஒரு பெட்டி. உள்ளங்கையளவு அலுமினிய உறை, அதனுள் ஒரு சர்க்யூட் பலகை. டிரான்ஸ்மிஷன் கன்ட்ரோல் யூனிட் என்று அதற்குப் பெயர்.

எங்கள் பள்ளத்தாக்கில் பிறந்தவனுக்கு இது விளங்க ரொம்ப நேரம் ஆகாது. மேற்கே பாய்ந்து கடலுக்குப் போய்க்கொண்டிருந்த பெரியாற்றை 1895-இல் பென்னிகுயிக் முடித்த அணை மறித்து, மலையைக் குடைந்த சுரங்கம் வழியே கிழக்கே திருப்பியது. லோயர்கேம்ப் மலைச்சரிவில் ராட்சதக் குழாய்களில் இறங்கி, மின்சாரத்தைக் கொடுத்துவிட்டு, அந்தத் தண்ணீர் முல்லையாறாக வருகிறது. கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலம் அதை நம்பித்தான் நாற்றுப் பாவுகிறது. ஜூன் முதல் தேதி மதகு திறப்பது வழக்கம். அங்கிருந்து வாய்க்கால், கிளை வாய்க்கால், மடை. எந்த மடையை எந்த ராத்திரி திறப்பது, எந்த வயல் காய்கிறது, எது நிறைந்து வழிகிறது என்று பார்த்துத் திருப்ப நீர்பாய்ச்சி ஒருவர் இருப்பார், கையில் மண்வெட்டியோடு.

தானியங்கி கியரின் வரலாறும் மடைகளில்தான் தொடங்குகிறது. 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் வந்த ஹைட்ராமேட்டிக்தான் பெருமளவில் உற்பத்தியான முதல் முழுத் தானியங்கி. அதில் மின்னணுப் பொருள் எதுவும் கிடையாது. வார்ப்பிரும்பில் வெட்டிய வாய்க்கால்களில் எண்ணெய் ஓடும். வண்டியின் வேகம் கூடக்கூட ஒரு பக்க அழுத்தம் ஏறும். ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க எதிர்ப்பக்க அழுத்தம் ஏறும். நடுவில் ஸ்பிரிங் தாங்கிய ஒரு வால்வு. எந்தப் பக்கம் வெல்கிறதோ அதற்கேற்ற கியர் விழும். எண்ணெயே அளந்தது, எண்ணெயே முடிவெடுத்தது. பல பத்தாண்டுகளுக்குப் பிறகுதான் கணினி வந்து, அந்த மடைகளுக்கு நீர்பாய்ச்சியாக நின்றது.

நீர்பாய்ச்சி வயலை நேரில் போய்ப் பார்ப்பார். இந்தப் பெட்டியால் அது முடியாது. கிளட்ச் எங்கே நிற்கிறது, கியர் எங்கே நிற்கிறது, பிரேக்கில் கால் இருக்கிறதா என்பதெல்லாம் கம்பிகள் வழியே வரும் சில வோல்ட் அளவுகளாகத்தான் அதற்குத் தெரியும். கம்பி சொல்வதே அதன் உலகம்.

உத்தமபாளையத்தில் ஒரு பட்டறையில் ஸ்கேனர் வைத்துப் பார்த்தார்கள். கியர் நிலை சென்சார் பழுது என்று வந்தது. அந்த சென்சார் தனியாகக் கிடைக்காது, வால்வு, குடுவை, மோட்டார் சேர்ந்த தொகுதியையே மாற்ற வேண்டும் என்றார்கள். அதன் விலை வண்டியின் இன்றைய மதிப்பில் பாதியை நெருங்கியது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். திரை சொன்னதை அவர்கள் சொன்னார்கள். ஆனால் திரையில் வரும் எண், பெட்டிக்கு எங்கே வலிக்கிறது என்பதை மட்டுமே சொல்லும். புண் எங்கே இருக்கிறது என்பது வேறு கேள்வி.

எங்கள் தெருவில் ஓர் அண்ணன் இருக்கிறார். முப்பது வருஷம் டிவி மெக்கானிக். குண்டு டிவிகள் போன பிறகு கடையை மூடிவிட்டார். மல்டிமீட்டரும் சால்டரிங் அயனும் மட்டும் வீட்டில் இருக்கின்றன. விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்டது ஒரே கேள்வி: "சூடானாத்தான் வருதா?" ஆமாம் என்றேன். "அப்ப வண்டிய வீட்டு வாசல்ல நிறுத்துங்க தம்பி. அவசரப்பட்டுப் பெட்டியத் தொறந்துறாதீக."

பெட்டியைத் தொடுவதற்கு முன் ஒரு நாள் முழுக்கச் சுற்றிவந்தோம். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, கைபிரேக் இழுத்து, பாட்டரியில் தொடங்கினோம். அடுத்தது ஃபியூஸ், ரிலே, பிரேக் சுவிட்ச். எண்ணெயின் அளவு. மோட்டார் ஓடும்போது பாட்டரியின் எதிர்முனைக்கும் பெட்டியின் எர்த் கம்பிக்கும் நடுவே எவ்வளவு வோல்ட் தொலைகிறது என்று பார்த்தோம். அரை வோல்ட் தொலைந்தாலே சந்தேகப்பட வேண்டும். எங்களுக்கு அதில் கால்வாசிகூட இல்லை. எஞ்சினின் கணினியும் இந்தப் பெட்டியும் பேசிக்கொள்ள முறுக்கிய இரண்டு கம்பிகள் உண்டு. இரு கோடியிலும் 120 ஓம் தடை. பாட்டரியைக் கழற்றிவிட்டு அளந்தால் அறுபது ஓம் காட்ட வேண்டும். காட்டியது. ஆக, பேச்சு அறுபடவில்லை.

பிறகுதான் அண்ணன் தன் மகளின் ஹேர் டிரையரை எடுத்துவந்தார். சாவியை ஆன் செய்து, கியர் நிலை சென்சாரின் இணைப்பில் மீட்டரை வைத்தோம். பெட்டி அந்த சென்சாருக்கு ஐந்து வோல்ட் கொடுக்க வேண்டும். கொடுத்தது. பெட்டியின் மேல் சூடான காற்றை அடிக்கத் தொடங்கினார். ஐந்து நிமிஷம் ஒன்றுமில்லை. ஏழாவது நிமிஷம் மீட்டரில் எண் தடுமாறியது. நாலு புள்ளி ஆறு, நாலு, மூன்று. டாஷ்போர்டில் நியூட்ரல் எழுத்து விட்டுவிட்டு எரியத் தொடங்கியது. கூடலூர் கடைத்தெருவில் என்னை நிறுத்திய பழுது என் வீட்டு வாசலில், நான் கூப்பிட்ட நேரத்துக்கு வந்து நின்றது. அந்த நிமிஷத்தின் சந்தோஷத்தைப் பழுது பார்த்தவர்கள்தான் அறிவார்கள். கூப்பிட்டால் வரும் பழுது பாதி தீர்ந்த பழுது.

இடையிலுள்ள கம்பியை முனைக்கு முனை அளந்து, அது நலம் என்று உறுதி செய்துகொண்டோம். சென்சார் குற்றமற்றது. அதற்குத் தர வேண்டிய ஐந்து வோல்ட்டைப் பெட்டி தரவில்லை. ஊட்டாமல் விட்டுவிட்டு, பிள்ளை சோர்ந்திருக்கிறது என்று பெட்டி புகார் சொல்லியிருக்கிறது. கியர் எங்கே நிற்கிறது என்று தெரியாத நிலையில் எதையும் கோக்க மறுத்தது அதன் நேர்மை. தெரியாததைத் தெரிந்ததுபோல் செய்யாதே என்று அதை எழுதியவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

பாட்டரியைக் கழற்றி, பெட்டியை எடுத்துத் திண்ணையில் வைத்தோம். உறையைச் சுற்றி ரப்பர் பசை. அதே ஹேர் டிரையரால் இளக்கி, கூர் மழுங்கிய கத்தியால் கால் அங்குலம் கால் அங்குலமாகப் பிரித்தோம். அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அண்ணன் கையிலிருந்த நகைக்கடை லென்ஸ் வழியே வரிசையாக நின்ற ஊசிகளைப் பார்த்துக்கொண்டே வந்து, ஓரிடத்தில் நின்றார். என்னையும் பார்க்கச் சொன்னார். ஊசியைச் சுற்றிய ஈயப் பற்றில் தலைமுடியைவிட மெல்லிய வளையம். அதில் வெளிச்சம் விழவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். "டிரை சால்டர். டிவியில பாதிப் பழுது இதான் தம்பி."

எஞ்சின் சூட்டில் செம்பு ஒரு அளவு விரியும், பலகை ஒரு அளவு விரியும், ஈயம் ஒரு அளவு விரியும். ஆறும்போது மூன்றும் வெவ்வேறாகச் சுருங்கும். ஒவ்வொரு மலையேற்றத்துக்கும் ஒருமுறை என்று ஆயிரக்கணக்கான முறை. கடைசியில் பற்று விட்டுப்போகிறது. ஆறியிருக்கும்போது தொட்டுக்கொண்டிருக்கும், சூடேறும்போது விலகும். அந்தப் பலகையில் கணக்குப் போடும் சில்லு இருக்கிறது, நினைவில் வைக்கும் சில்லு இருக்கிறது. இரண்டும் நலமாக இருந்தன. அவற்றைப் பலகைக்கு வெளியே உள்ள உலகத்தோடு பிணைத்த ஒரு சொட்டு உலோகம்தான் கெட்டிருந்தது.

தமிழில் அந்தச் சொட்டுக்குப் பற்றாசு என்று பெயர். சுருக்கமாக ஆசு. பொற்கொல்லர்கள் வளையத்தின் இரு முனையைச் சேர்க்க வைப்பது. யாப்பிலும் ஓர் ஆசு உண்டு. நேரிசை வெண்பாவில் இரண்டாம் அடியின் தனிச்சொல் முன்பகுதியோடு ஒட்டாமல் விலகி நின்றால், இடையில் ஓர் அசையோ இரண்டு அசையோ சேர்த்து இசைப்பார்கள். தட்டான் வைக்கும் பற்றாசு போல என்று உரைகாரர்கள் விளக்கினார்கள். அப்படி அமைந்தது ஆசிடை நேரிசை வெண்பா. கல்லூரியில் இதை மனப்பாடம் செய்தபோது எனக்கு ஒன்றும் தோன்றியதில்லை. லென்ஸ் வழியே அந்த வளையத்தைப் பார்த்தபோது, ஆசு என்ற சொல்லின் இன்னொரு பொருளும் நினைவுக்கு வந்தது: குற்றம், குறை. சேர்ப்பதற்கும் அந்தச் சொல், குறைக்கும் அதே சொல். இரண்டும் வேறு வேறு வேர் கொண்ட சொற்களாகவே இருக்கலாம். ஆனால் திண்ணையில் அன்று அவை ஓரிடத்தில் இருந்தன. குறை இருந்த இடமும் சேர்ப்பு இருந்த இடமும் ஒன்றே.

பலகையின் மேல் ஈரம் தாக்காமலிருக்கப் பூசிய மெழுகுப் படலத்தைச் சுரண்டி, ஸ்பிரிட்டால் துடைத்து, பழைய பற்றை உறிஞ்சுகுழலால் உறிஞ்சி எடுத்தார் அண்ணன். ஈயம் கலந்த பழைய பற்று 183 டிகிரியில் உருகும். ஈயமில்லாத இன்றைய பற்றுக்கு 217 டிகிரிக்கு மேல் வேண்டும். இரண்டையும் கலந்தால் பிடிப்பு நம்பகமாக இருக்காது என்று முழுதாக எடுத்துவிட்டே புதியதை வைத்தார். பக்கத்து ஊசிகள் ஒவ்வொன்றையும் அப்படியே செய்தார். ஒன்று விட்டிருந்தால் மற்றதும் விடக் காத்திருக்கும் என்றார். எல்லாப் பெட்டியும் இப்படித் திண்ணையில் தீராது. சில வண்டிகளில் பலகைக்குப் பதில் பீங்கான் தகடு. அதில் முடி போன்ற அலுமினியக் கம்பிகளை ஒட்டி, மேலே பசைக்கூழ் ஊற்றியிருப்பார்கள். அங்கே சால்டரிங் அயனுக்கு வேலை இல்லை. கைக்கு எட்டுவது எது, எட்டாதது எது என்று தெரிந்திருப்பதும் தொழிலின் ஒரு பாதி.

ஆனால் கைக்கு எட்டக்கூடியதையும் எட்டாமல் வைப்பது வேறு. 2011-இல் ஒரு வாடிக்கையாளர் இந்தியப் போட்டி ஆணையத்துக்குப் புகார் எழுதினார்: கார் நிறுவனங்கள் உதிரிபாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் தங்கள் பணிமனைகளுக்கு மட்டுமே தருகின்றன, வெளியே உள்ள மெக்கானிக்குக் கிடைப்பதில்லை. 2014 ஆகஸ்ட் 25 அன்று ஆணையம் பதினான்கு நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. பாகங்களையும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்கும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்றது. மேல்முறையீடுகள் தொடர்ந்தன. 2022-இல் மத்திய நுகர்வோர் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு குழு அமைத்தது. அது எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் விவசாயக் கருவிகளும் வாகனங்களும் இருந்தன. எங்கள் ஊருக்கு இந்த இரண்டும்தான் வாழ்வு. டிராக்டரும் ஜீப்பும் நின்றுபோனால் இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு நாள் கூலி நின்றுபோகும். பழுதுபார்க்கும் உரிமை என்பதை நான் விலைக்குறைப்பாக மட்டும் பார்க்கவில்லை. முப்பது வருஷத் தொழிலறிவு பூட்டிய கடைக்குள் இருக்கிறது. திறந்து பார்க்க அனுமதியுள்ள பொருள் இருந்தால்தான் அந்த அறிவுக்கு வேலை இருக்கும்.

பெட்டியை மூடிப் பசை வைத்து, ஒரு நாள் காயவிட்டு, திரும்பப் பொருத்தினோம். அரை மணி நேரம் சூடான காற்று அடித்தும் ஐந்து வோல்ட் அசையவில்லை. பட்டறைக்காரர் ஸ்கேனரோடு வந்து, பெட்டிக்குக் கிளட்சின் பிடிமானப் புள்ளியை மறுபடி கற்றுக்கொடுத்தார். தட்டு தேயத் தேய அந்தப் புள்ளி நகர்ந்துகொண்டே போகும். பெட்டி அதைத் தொடர்ந்து கற்று எழுதி வைத்துக்கொள்கிறது. புதுப் பெட்டி வாங்கியிருந்தால் அது இந்தக் கிளட்சை அறியாததாகத்தான் வந்திருக்கும். ஒன்றாம் பாடத்திலிருந்து தொடங்கியிருக்கும். எங்களுடையதன் நினைவில் அப்பா ஓட்டிய வருஷங்கள் இருந்தன.

முதலில் சமவெளியில் உத்தமபாளையம் வரை போய் வந்தோம். மூன்று நாள் அப்படியே ஓட்டிப் பார்த்தோம். நாலாம் நாள் அப்பா ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார, கம்பம்மெட்டு ஏறினோம். காலை நேரம். முன்னால் ஒரு ஜீப், பின்கதவு வரைக்கும் ஆட்கள். அதை முந்தாமல் அப்பா பின்னாலேயே போனார்.

அப்பாவின் இடது கால் வெறுந்தரையில் இருந்தது. அங்கே பெடல் எதுவும் இல்லை. வண்டி வாங்கிய நாள் முதலே நான் பார்த்திருக்கிறேன்: கியர் மாற வேண்டிய இடம் வந்தால் அவர் பாதம் மிதியடியை மெல்ல அழுத்தும். பெட்டி ஒரு கணம் கழித்துத்தான் மாற்றும். "யோசிச்சுத்தான் போடுது" என்பார். பெட்டி நோய்ப்பட்ட மாதங்களில் அந்தக் கணம் நீண்டுகொண்டே போனதை நாங்கள் கவனிக்காமல் விட்டிருக்கிறோம். அவர் பாதம் கவனித்திருக்கிறது. நான் ஹேர் டிரையர் வைத்துக் கண்டுபிடித்ததை அது முன்பே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. அதைக் கேட்டுச் சொல்ல ஒரு கம்பி இல்லை.

மூன்றாவது வளைவு. முன்னால் ஜீப் திணறி இறங்கிய கியரில் உறுமியது. அப்பாவின் பாதம் மிதியடியை அழுத்தியது. பானெட்டுக்குள் மெல்லிய ஒரு தட்டு, கியர் விழுந்தது. இரண்டுக்கும் இடையில் இடைவெளி இருந்திருக்கும். என் காதுக்கு எட்டவில்லை. அப்பா சாலையைப் பார்த்தபடியே சொன்னார்: "ஒட்டிக்கிருச்சு."